ஆயா கண்ணில் ஒரு மதுரை லென்ஸ்: பணக்கார நாடுகளோட சரிசமமா கூட்டு சேர முடியுமா?

அபிஷேகப்பாக்கத்தில் இருக்கும் என் ஆயாவுக்கு இப்போ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்ப்பதுதான் ஃபுல் டைம் வேலை. யார் வீட்டில் காதுகுத்து, யார் புது வண்டி எடுத்தாங்க, எல்லாமே அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது. மூணு வருஷத்துக்கு முன்னாடி நிலைமை வேற. எதிரே வந்து நிக்கிறது நானா, என் அண்ணனான்னு குரலை வெச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. ரெண்டு கண்ணிலும் புரை.

எங்க ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் தவளக்குப்பம். அங்கே கடலூர் ரோட்டில் 2003-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கு. எங்க பக்கத்தில் ஒரு வயசானவர் 'தவளக்குப்பம் போய்ட்டு வரேன்'னு சொன்னா, எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆயாவுக்கும் அங்கேதான் ஆபரேஷன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு அவங்க ஃபைலைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் சின்ன ஸ்டிக்கர். கண்ணுக்குள் வெச்ச லென்ஸோட பவர், சீரியல் நம்பர், கீழே கம்பெனி பெயர்: ஆரோலேப், மதுரை.

நான் அதை ஏதோ ஜெர்மனி, அமெரிக்கா பொருளா இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒரு வகையில் அந்த நினைப்பு முழுசா தப்பில்லை. இந்த லென்ஸுக்குப் பின்னாடி அமெரிக்கப் பணமும் இருக்கு, அமெரிக்கத் தொழில்நுட்பமும் இருக்கு. ஆனா லென்ஸ் மதுரையில் தயாராகுது, விலையை மதுரை முடிவு பண்ணுது. 'பணக்கார நாடு - ஏழை நாடு சுகாதாரக் கூட்டணி'ன்னு உலகம் முழுக்க மாநாடு போட்டுப் பேசுற விஷயத்துக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

இப்போ இதைப் பேச ஒரு அவசரமும் இருக்கு. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை அப்படியே நிறுத்தி வெச்சது. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுறதாவும் அறிவிச்சது. அதே வருஷம் ஜூலையில் யு.எஸ்.எய்டு அமைப்பே மூடப்பட்டது. அந்தப் பணத்தை நம்பி நடந்த ஆப்பிரிக்க எச்.ஐ.வி கிளினிக்குகள் பலவும் மூடின. காசு கொடுத்தவர் ஒரு கையெழுத்தில் நிறுத்த முடியும்னா, அதுக்கு இத்தனை வருஷம் 'கூட்டணி'ன்னு பேர் வெச்சிருந்தது சரியா?

சோடாபுட்டியே போதும்னு சொன்ன காலம்

டாக்டர் ஜி.வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோட ஆரம்பிச்சதுதான் அரவிந்த். அப்போ புரை ஆபரேஷன்னா, கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸை அப்படியே எடுத்துடுவாங்க. பதிலுக்கு ஒரு தடிமனான கண்ணாடி. பழைய தமிழ்ப் படங்களில் காமெடிக்குப் போடுவாங்களே, அந்த சோடாபுட்டி கண்ணாடிதான். அது உடைஞ்சா திரும்பவும் பார்வை கிடையாது. போட்டாலும் எல்லாம் பெருசாத் தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. வரப்பில் நடக்கிறவருக்கு இது என்ன கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

அதே காலத்தில் பணக்கார நாடுகளில் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. 80-களில் அதோட விலை ஒண்ணுக்கு சுமார் 100 டாலர். 'ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும்'னு அப்போ நிபுணர்கள் பலர் வாதாடினாங்க. அவங்க கெட்ட எண்ணத்தில் சொல்லலை, இருக்கிற காசில் நிறைய பேருக்கு ஆபரேஷன் பண்ணலாம்னுதான் கணக்குப் போட்டாங்க. ஆனா அந்தக் கணக்கில் விலையை மாத்த முடியாத ஒண்ணா எடுத்துக்கிட்டாங்க. எங்க ஆயா மாதிரி ஒருத்தருக்கு எது 'போதும்'னு யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு பண்ணினதும் அதே கணக்குதான்.

அரவிந்துக்கு ரொம்ப நாள் கூட்டாளி, 1978-ல் அமெரிக்காவில் தொடங்கின சேவா ஃபவுண்டேஷன். பெரியம்மையை ஒழிக்க இந்தியாவில் வேலை பார்த்தவங்களும் சேர்ந்து ஆரம்பிச்ச அமைப்பு. அவங்க வருஷா வருஷம் லென்ஸ்களை நன்கொடையா வாங்கி அனுப்பியிருக்கலாம். போட்டோ எடுக்க நல்லாயிருக்கும், நன்றிக் கடிதமும் வரும். ஆனா நடந்தது வேற. லென்ஸை நாமே தயாரிச்சா என்னன்னு பேச்சு வந்துச்சு. சேவாவோட சம்பந்தப்பட்ட டேவிட் கிரீன் தொழில்நுட்பத்தைத் தேடிப் பிடிக்க உதவினார். 1992-ல் மதுரையில் ஆரோலேப் ஆரம்பமாச்சு. லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு இறங்குச்சு, அப்புறம் இன்னும் குறைஞ்சது. கிராமத்துப் பெண்கள் வேலை கத்துக்கிட்டு அந்த லென்ஸ்களைச் செய்றாங்க. இன்னைக்கு அது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் விலை குறைஞ்சது மட்டும் இல்லை. நாளைக்கு சேவா பணம் நின்னாலும் ஆரோலேப் நிக்காது. காசு கொடுத்து வைத்தியம் பார்க்கிறவங்க வருமானத்தில்தான் அரவிந்த் ஓடுது, இலவச ஆபரேஷன்களும் அதிலிருந்துதான். உதவி பண்ண வந்தவங்க, தங்களோட உதவி தேவைப்படாத இடத்துக்கு இவங்களைக் கொண்டு போய் விட்டாங்க. இப்போ மதுரையில் இருக்கும் லயன்ஸ் அரவிந்த் பயிற்சி நிறுவனத்துக்கு ஆப்பிரிக்கா, நேபாளம், வங்கதேசத்திலிருந்தெல்லாம் வந்து கத்துக்கிட்டுப் போறாங்க. 'வடக்கிலிருந்து தெற்குக்கு' மட்டுமே போயிட்டிருந்த ரோட்டில் தெற்கிலிருந்து தெற்குக்கு ஒரு பஸ் விட்டாச்சு.

ஒரு சின்ன மறுப்பையும் சொல்லிடறேன். 'அரவிந்த் மாதிரி ஒரு டிரஸ்ட் இருந்ததால முடிஞ்சது, எல்லா ஊரிலும் ஒரு வெங்கடசாமிக்கு எங்கே போறது?' நியாயமான கேள்வி. அதுக்கு சென்னைக்குப் போகணும்.

193 பேர் மூடவெச்ச சானடோரியங்கள்

சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1956-ல் ஆரம்பிச்சப்போ அதோட பெயர் காசநோய் கீமோதெரபி மையம். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மெட்ராஸ் மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்னு நாலு பேர் கூட்டு. சுதந்திரம் கிடைச்சு 10 வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள பழைய எஜமானரோட ஒரே மேஜையில்.

அன்னைக்கு டி.பி-ன்னா உலகம் முழுக்க சானடோரியம்தான். மலைக் காத்து, முட்டை, பால், மாசக்கணக்கில் ஓய்வு. மாத்திரை வந்துட்டாலும் படுக்கையும் வேணும்னு நம்பினாங்க. இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கும் இருந்த படுக்கைகளுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் நம்ம தரப்புக் கேள்வி ரொம்ப சிம்பிள்: வீட்டிலேயே வெச்சு மாத்திரை கொடுத்தா குணமாகுமா? லண்டனுக்கு அப்போ இது தலைபோற கேள்வி இல்லை. நமக்கு உயிர்ப் பிரச்னை.

வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில், மெட்ராஸோட நெரிசலான தெருக்களில் இருந்த 193 நோயாளிகளை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழு சானடோரியத்துக்கு, இன்னொண்ணு அவங்கவங்க வீட்டுக்கு. ஒரு வருஷம் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவங்களுக்குச் சாப்பாடு குறைவு, வேலை அதிகம், ஒரே ரூமில் பல பேர். 1959-ல் முடிவு வந்தப்போ, ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறியிருந்தாங்க. வீட்டில் இருந்தவங்களுக்கும் அதனால் கூடுதலா நோய் பரவலை. அப்புறம் பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒண்ணொண்ணா மூடினதுக்கு மெட்ராஸ் முடிவு ஒரு முக்கியமான காரணம். மெட்ராஸ் தெருக்களின் ஏழைகள், ஐரோப்பாவோட வைத்திய முறையையே மாத்தினாங்க.

அஞ்சு வருஷ புராஜெக்ட்டா ஆரம்பிச்சது அந்த மையம். வெளிநாட்டுக்காரங்க ஊருக்குத் திரும்பினாலும் மையம் திரும்பலை, நிரந்தரமா நின்னுடுச்சு. இன்னைக்கும் நம்ம ஆட்கள்தான் நடத்துறாங்க.

புதுச்சேரிக்கும் இதோட தொடர்ச்சி உண்டு. 2013-ல் இந்தியாவின் பயோடெக்னாலஜி துறையும் அமெரிக்காவின் என்.ஐ.ஹெச்-ம் செலவைப் பகிர்ந்துக்கிட்டு 'ரிப்போர்ட் இந்தியா'ன்னு ஒரு டி.பி ஆய்வைத் தொடங்கினாங்க. அதில் ஜிப்மரும் ஒரு மையம். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்து நோயாளிகளையும் அவங்க வீட்டில் இருப்பவங்களையும் தொடர்ந்து கவனிக்கிற வேலை. இதில் கவனிக்க வேண்டிய ஒரு ஏற்பாடு, ரத்த, சளி மாதிரிகளைச் சேமிக்கிற மைய வங்கி அமெரிக்காவில் இல்லை, சென்னையில் இருக்கு. கேட்க சின்ன விஷயமாத் தெரியும். ஆனா பத்து வருஷம் கழிச்சு ஒரு புது டெஸ்ட் வரும்போது, அந்த மாதிரிகளை யார் ஃப்ரீஸர்ல இருந்து எடுக்க முடியும் என்பதுதான் எல்லாமே. செலவில் பாதி நம்மளோடது என்பதால்தான் ஃப்ரீஸரும் நம்ம ஊரில் இருக்குன்னு எனக்குத் தோணுது.

2025 மே மாசம் என்.ஐ.ஹெச், வெளிநாட்டு மையங்களுக்குக் கிளை நிதியாப் பிரிச்சுத் தரும் பழைய முறையைப் புதுசா யாருக்கும் தர மாட்டோம்னு அறிவிச்சது. சொந்தப் பணமும் போட்டிருக்கிற மையமும், முழுசா வெளிநாட்டுக் காசை நம்பின மையமும் அந்தச் செய்தியை ஒரே மாதிரி படிச்சிருக்காது.

கம்மத்தில் உடைஞ்சது

எல்லாக் கூட்டணியும் இப்படி இல்லை. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி தடுப்பூசியை 10 முதல் 14 வயசு வரையிலான சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தாங்க. 20,000-க்கும் அதிகமானவங்க. நடத்தினது பாத் என்ற அமெரிக்க அமைப்பு, பணம் கேட்ஸ் ஃபவுண்டேஷன், ஊசி ரெண்டு பன்னாட்டுக் கம்பெனிகள் இலவசமாத் தந்தது, நம்ம மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநில அரசுகளும் கூட்டு. பேப்பரில் பார்த்தா எல்லாம் பக்கா.

இடையில் ஏழு சிறுமிகள் இறந்தாங்க. 2010 ஏப்ரலில் அரசு எல்லாத்தையும் நிறுத்துச்சு. விசாரணைக் குழு, அந்த மரணங்களுக்கு ஊசி காரணமா இருக்க வாய்ப்பில்லைன்னுதான் சொன்னது. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா இன்னைக்கும் இதை வெச்சு எச்.பி.வி ஊசிக்கு எதிரா ஃபார்வர்டு மெசேஜ் சுத்துது. அந்த ஊசி நல்ல ஊசி. தப்பு நடந்தது வேற இடத்தில். கம்மத்தில் பழங்குடி மாணவிகள் தங்கியிருந்த ஹாஸ்டல்களில், பெத்தவங்க போட வேண்டிய சம்மதக் கையெழுத்தை வார்டன்கள் போட்டிருந்தாங்க. ஊசிக்கு அப்புறம் யாருக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கவும் ஒழுங்கான ஏற்பாடு இல்லை. 2013-ல் பார்லிமென்ட் நிலைக்குழு இதைக் கடுமையாக் கண்டிச்சது.

கம்மத்தில் போனது நம்பிக்கை. இந்தியாவே ஒரு எச்.பி.வி ஊசியைத் தயாரிச்சு விற்பனைக்குக் கொண்டு வர 2023 ஆச்சு. நடுவில் அந்த ஊசி கிடைக்காமலே வளர்ந்த பெண்கள் எத்தனை பேர்! ஒரு வார்டனோட கையெழுத்து ஒரு தலைமுறைக்கு விலை வெச்சது. 'சம்மதம்'னா ஏதோ ஃபார்மாலிட்டின்னு நினைக்கிறவங்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

வைரஸ் எங்களோடது, ஊசி உங்களோடதா?

இப்போ நாடுகளுக்கு நடுவில் நடக்கிற பெரிய சண்டைக்கு வரலாம். 2007-ல் இந்தோனேசியா, தன்னோட பறவைக்காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தர மாட்டேன்னு சொல்லிடுச்சு. நாங்க இலவசமா வைரஸ் தருவோம், அதை வெச்சு வெளிநாட்டுக் கம்பெனி ஊசி தயாரிக்கும், அதை நாங்களே காசு கொடுத்து வாங்கணும், அதுவும் வரிசையில் கடைசியா நின்னுன்னு அவங்க சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி கேட்டார். உலகமே பயந்துச்சு, திட்டவும் செஞ்சது. ஆனா கேள்விக்கு யார்கிட்டேயும் பதில் இல்லை. 2011-ல் காய்ச்சல் வைரஸ்களுக்கு மட்டும் ஒரு பங்கீட்டு ஏற்பாடு வந்துச்சு.

கோவிட் வந்தப்போ அந்தக் கேள்வி திரும்ப வந்துச்சு. 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து, தடுப்பூசி, மருந்துகளுக்கான காப்புரிமையைத் தற்காலிகமா நிறுத்தி வைங்கன்னு உலக வர்த்தக அமைப்பில் கேட்டாங்க. இழுத்து இழுத்து 2022 ஜூனில் ரொம்ப நீர்த்துப்போன ஒரு முடிவு வந்துச்சு. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டுபிடிச்சு உடனே உலகத்துக்குச் சொன்னாங்க. சொன்ன சில நாள்லயே அவங்க நாட்டு விமானங்களுக்குத் தடை. அடுத்த தடவை ஒரு ஏழை நாடு உடனே சொல்லுமா?

நம்மளும் இதில் சுத்தம் கிடையாது. 2021-ல் ரெண்டாவது அலை அடிச்சப்போ இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்திடுச்சு. அதை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் மாசக்கணக்கில் காத்திருந்தாங்க. அன்னைக்கு ஆக்ஸிஜன் தேடி நாம அலைஞ்சது எனக்கும் ஞாபகம் இருக்கு, வேற வழி இருந்துச்சான்னு தெரியலை. ஆனா அவங்க பக்கத்திலிருந்து பார்த்தா நாமதான் அந்தப் 'பணக்கார நாடு'.

2025 மே 20 அன்று உலக சுகாதார மாநாட்டில் பெருந்தொற்று ஒப்பந்தம் நிறைவேறுச்சு. இதன்படி, பெருந்தொற்று வந்தா இதில் சேரும் கம்பெனிகள் தங்களோட உற்பத்தியில் 20 சதவிகிதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தர்றதை இலக்கா வைக்கணும், அதில் குறைஞ்சது 10 சதவிகிதம் இலவசம், மிச்சம் கட்டுப்படியாகும் விலையில். நல்லாயிருக்குல்ல? ஆனா வைரஸைக் கொடுத்தா பதிலுக்கு என்ன கிடைக்கும் என்ற அந்த முக்கியமான பகுதியோட விவரங்களை மட்டும் 'அப்புறம் பேசிக்கலாம்'னு தனி இணைப்பா ஒதுக்கிட்டாங்க. கல்யாணத்தை முடிச்சுட்டு சீர்வரிசையை அப்புறம் பேசற மாதிரி. எங்க ஊரில் அப்படிப் பேச ஆரம்பிச்ச எந்தப் பேச்சும் சீக்கிரம் முடிஞ்சது இல்லை.

அரசுகள் பேசி முடிக்காததைச் சில சமயம் நோயாளிகளே முடிச்சிருக்காங்க. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி-க்கு வந்த பெடாகுலின் மாத்திரையோட காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்டு ஜான்சன் இந்தியாவில் விண்ணப்பிச்சது. அதை எதிர்த்து மனு போட்டவங்க ரெண்டு பெண்கள். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. ரெண்டு பேரும் டி.பி-லிருந்து மீண்டவங்க, பழைய ஊசி மருந்தால் காது கேட்கும் சக்தியை இழந்தவங்க. 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியோட விண்ணப்பத்தை நிராகரிச்சது. அந்த வருஷம் ஜூலையில் பழைய காப்புரிமையும் முடிய, இந்தியக் கம்பெனிகளோட மாத்திரைக்கு வழி திறந்துச்சு. எல்லை தாண்டின கூட்டணின்னா எனக்கு முதலில் ஞாபகம் வர்றது இவங்க ரெண்டு பேரும்தான்.

அடுத்தது, கண்ணோட போட்டோ

அடுத்த சண்டை ரத்தம், சளிக்கு இல்லை. டேட்டாவுக்கு. சுகர் இருக்கிறவங்களுக்கு விழித்திரை கெட்டுப்போறதைப் போட்டோவை வெச்சே கண்டுபிடிக்கும் ஏ.ஐ-யை கூகுள் 2016-ல் வெளியிட்டுச்சு. ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் படங்களைக் காட்டிப் பழக்கின ஏ.ஐ அது. அமெரிக்கப் படங்களோட, அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா படங்களும் அதில் இருந்தன. அதாவது, நம்ம ஊர்க்காரங்க கண்ணைப் பார்த்துத்தான் அந்த மெஷின் பாடம் படிச்சது.

திரும்ப வந்தது என்ன? 2024-ல் கூகுள் இந்தத் தொழில்நுட்பத்தை ஆரோலேபுக்கும், பெங்களூரின் ஃபோரஸ் ஹெல்த்துக்கும், தாய்லாந்தின் ஒரு கம்பெனிக்கும் உரிமம் கொடுத்துச்சு. 10 வருஷத்தில் நோயாளிகளுக்குச் செலவில்லாம 60 லட்சம் பரிசோதனைகள் நடக்கும்னு அறிவிப்பு. கம்மத்தோட ஒப்பிட்டா இது எவ்வளவோ மேல. பலன் அதே ஊருக்குத் திரும்பி வருது. ஆனா லென்ஸ் கதையோட ஒப்பிட்டா எனக்கு ஒண்ணு உறுத்துது. லென்ஸ் விஷயத்தில் செய்யும் வித்தையே மதுரைக்கு வந்துச்சு. இங்கே வந்திருக்கிறது பயன்படுத்தும் உரிமம். இன்னைக்கு நல்ல மனசோட தர்ற உரிமத்தோட நிபந்தனைகளை நாளைக்கு எழுதப் போறது யார்? இப்படி ஒரு ஏ.ஐ-யை நாமே பழக்குற அளவுக்குப் படங்களும் இன்ஜினீயர்களும் நம்மகிட்ட இல்லாமலா போச்சு?

போன மாசம் எங்க பக்கத்தில் நடந்த ஒரு கேம்ப்பில் ஆயாவுக்கு சுகர் பார்த்தாங்க. கூடவே ஒரு சின்ன மெஷின் முன்னாடி உட்காரவெச்சு ரெண்டு கண்ணையும் போட்டோ எடுத்தாங்க. கொடுத்த பேப்பரில் ஆயா கையெழுத்துப் போட்டாங்க, நானும் படிக்கலை. வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டாங்க:

"ஏன் கண்ணு, என் கண்ணத்தான படம் புடிச்சாங்க? எனக்கு ஒண்ணு அனுப்ப மாட்டாங்களா? ஸ்டேட்டஸ் வெப்பேன்ல?"

திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். படம் சர்வருக்குப் போயிடுச்சாம்.